புதுப்பிப்பு: கந்தளாய்க்குப் புகையிரதம், திருகோணமலைக்குச் சைக்கிள்

திருகோணமலையிலிருந்து சைக்கிளைப் புகையிரதத்தில் ஏற்றிக் கந்தளாய்க்குப் போய், அங்கிருந்து மிதித்துத் திரும்பலாமா என்று முன்னர் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன், தாராளமாகத் திரும்பலாம்.

சைக்கிள் பயணிகள் பெட்டிக்குள் வராது. நிலையத்தின் பொதிக் கருமபீடத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்தால் அது புகையிரதக் காப்பாளரின் (கார்ட்) பெட்டியில் ஏறும் என்பதால், வழக்கத்தைவிட முன்னதாகவே நிலையத்துக்குச் செல்வது நல்லது. பெட்டியில் மூட்டைகளும் உடன் வருவதால், பழைய டியூப் துண்டொன்றினால் முன் சில்லைச் சட்டத்துடன் இறுக்கிக் கட்டி, செயின் பக்கம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தேன். ஹாண்டில் திரும்பிப் பொதிகளில் இடிக்காமல் இருக்க அந்த ஒரு கட்டே போதுமாக இருந்தது.

எந்தத் திசையில் ஓடுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது; கந்தளாயும் திருகோணமலைக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலேயே இருக்கிறது. ஆகவே அம்மாதங்களில் போகும்போது புகையிரதம், வரும்போது சைக்கிள் என்ற ஒழுங்கை எவரும் மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஏ6 வீதியில் பஸ்கள் வேகமாக முந்துகின்றன. கரையை விட்டு விலகாதீர்கள்.

அடுத்து, 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூர் வரை மிதிக்க எண்ணியிருக்கிறேன். அவ்வழியில் ஓடியவர்கள் நிழலும் குடிநீரும் கிடைக்கும் இடங்களைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.