எரிவாயு விலை ஏறியது போருக்கு முன்பா, பின்பா?

வடகாற்று:
மின்கட்டணம் பற்றிய இழையில் நீலச்சுடர் எழுதிய ஒரு வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியது உக்ரைன் போரால்தான், வேறு காரணம் தேடுகிறவர்கள் ரஷ்யாவுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்" என்பது அவர் எழுதியது. போர் தொடங்கிய நாள் 2022 பிப்ரவரி 24. பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், சராசரி வீட்டின் ஆண்டுக் கட்டண உச்சவரம்பை 1,277 பவுண்டிலிருந்து 1,971 பவுண்டாக உயர்த்தி அறிவித்த நாள் பிப்ரவரி 3. ஒரு குண்டுகூட வெடிக்காத நிலையில் 54 விழுக்காடு உயர்வு அறிவிக்கப்பட்டாயிற்று. இந்தத் தேதிக்கு விடை சொல்லிவிட்டுப் பிறகு யார் யாருக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்று பேசலாம்.

நீலச்சுடர்:
நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை. ஐரோப்பிய மொத்த விலைக்கு அளவுகோலான ஆம்ஸ்டர்டாம் சந்தையில் (டிடிஎஃப்) ஒரு மெகாவாட் மணி (ஆற்றலை அளக்கும் அலகு) எரிவாயு உச்ச விலையைத் தொட்டது 2022 ஆகஸ்ட் இறுதியில். அப்போது அது ஏறத்தாழ 340 யூரோ. ஜூனில், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுவரும் நார்ட் ஸ்ட்ரீம் குழாயின் ஓட்டம் 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, ஜூலையில் 20 விழுக்காடானது, செப்டம்பர் தொடக்கத்தில் முற்றிலும் நின்றது. குழாய் மூடியதும் விலை ஏறியதும் கைகோத்து நடந்தவை. இதைப் பார்க்காமல் ஒரு தேதியைத் தூக்கிக்கொண்டு வருகிறார் வடகாற்று. சென்ற ஆண்டு அணுமின் இழையிலும் இவர் இப்படித்தான் ஒற்றைத் தேதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினார்.

வடகாற்று:
உச்சம் எப்போது என்பது கேள்வியே அல்ல, ஏற்றம் எப்போது தொடங்கியது என்பதே கேள்வி. 2021-ன் தொடக்கத்தில் அதே ஆம்ஸ்டர்டாம் விலை 20 யூரோவை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று 180 யூரோவைத் தாண்டியது. இதற்கான காரணங்களும் தெரிந்தவைதான். 2020–21 குளிர்காலம் நீண்டுபோனதால் கிடங்குகள் காலியாயின. பெருந்தொற்றின் முடக்கத்திலிருந்து ஆசியத் தொழிற்சாலைகள் மீண்டெழுந்து திரவ எரிவாயுக் கப்பல்களைத் தங்கள் பக்கம் இழுத்தன. பிரேசிலில் வறட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்ததால் அந்நாடும் அதே கப்பல்களுக்குப் போட்டியிட்டது. வடகடல் பகுதியில் அந்தக் கோடையில் காற்று வழக்கத்தைவிடக் குறைவாக வீசியதால் காற்றாலைகளும் கைகொடுக்கவில்லை. பிரிட்டனில் மட்டும் 2021-ன் இலையுதிர் காலத்தில் எரிசக்தி விற்பனை நிறுவனங்கள் வரிசையாகக் கடையை மூடின; நவம்பரில் பல்ப் என்ற விற்பனை நிறுவனத்தை அரசே சிறப்பு நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவர நேர்ந்தது. இவை எல்லாம் எந்தப் போரின் விளைவு? அணுமின் இழையில் நான் சொன்னதும் சரியாகவே இருந்தது; அங்கே பதில் எழுதாமல் நின்றுபோனவர் நீலச்சுடர்.

கணக்காயர்:
இருவரும் விலை என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் தெளிவுபடுத்தினால் நல்லது. ஆம்ஸ்டர்டாம் விலை மொத்தச் சந்தை விலை. ஆஃப்ஜெம் அறிவித்தது வீட்டுக்கு விற்கும் அலகு விலையின் வரம்பு. அந்த 1,971 பவுண்டு என்பது சராசரி நுகர்வை வைத்துக் கணக்கிட்டுச் சொல்லப்பட்ட தொகை, அதில் மின்சாரமும் அடக்கம். மொத்த விலை ஏறி மாதங்கள் கழித்தே வீட்டுக் கட்டணம் ஏறும். நிலையான விலையில் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு அது இன்னும் தாமதமாகவே தெரியும். இந்த இரண்டையும் கலந்து பேசினால் இந்த விவாதம் எங்கும் போய்ச் சேராது.

நீலச்சுடர்:
வடகாற்று சொல்லாமல் மறைத்ததை நான் சொல்கிறேன். 2021 கோடையில் ஐரோப்பியக் கிடங்குகளை நிரப்பாமல் விட்டவர்கள் யார்? ஜெர்மனியின் ஆகப் பெரிய எரிவாயுக் கிடங்கு ரேடனில் இருக்கிறது. நிலத்தடியில் ஏறத்தாழ நானூறு கோடி கன மீட்டர் கொள்ளளவு. அது அப்போது ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் குழுமத்தின் துணை நிறுவனத்தின் கையில் இருந்தது. குளிர்காலம் வாசலில் நிற்கையில், மற்ற கிடங்குகளைப் போல நிரம்பாமல், அது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே கிடந்தது. 2022 ஜனவரியில் சர்வதேச எரிசக்தி முகமையின் தலைவர் ஃபாத்தி பிரோல், முந்தைய ஆண்டின் கடைசிக் காலாண்டில் ஐரோப்பாவுக்கான ரஷ்ய ஏற்றுமதி சுமார் 25 விழுக்காடு குறைந்ததைச் சுட்டிக்காட்டி, இந்நெருக்கடிக்கு ரஷ்யாவின் நடத்தையும் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். நீங்கள் பெருமையோடு சொல்லும் டிசம்பர் 21-ஐயே எடுத்துக்கொள்வோம். அன்றுதான், ரஷ்யாவிலிருந்து போலந்து வழியாக ஜெர்மனிக்கு வரும் யமால் குழாயில் எரிவாயு ஜெர்மனியிலிருந்து போலந்தை நோக்கி எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. பீரங்கி பிப்ரவரியில் வெடித்திருக்கலாம், குழாயில் போர் ஆறு மாதம் முன்பே தொடங்கிவிட்டது.

வடகாற்று:
ஆக, போருக்கு முன்பே விலை ஏறியது என்பதை ஏற்றுக்கொண்டு, போர் தொடங்கிய நாளைப் பின்னால் தள்ளி வைக்கிறீர்கள். தேதி உங்களுக்கு இடையூறாக இருந்தால் தேதியையே நகர்த்திவிடுவது நல்ல வழிதான். அதே டிசம்பரில் நடந்த இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை. விலை 180-ஐத் தாண்டியவுடன் அமெரிக்காவில் ஏற்றிய திரவ எரிவாயுக் கப்பல்கள் ஆசியாவுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டு ஐரோப்பாவை நோக்கி வந்தன, ஓரிரு வாரங்களில் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. ரஷ்யக் குழாய் அப்போது திறந்துவிடவில்லையே, பிறகு எப்படி விலை இறங்கியது? கடல்வழி இறக்குமதிதான் அந்த விலையை ஏற்றவும் இறக்கவும் செய்தது. உலகச் சந்தையில் அன்றன்றைய விலைக்கு வாங்குவதே சிறந்த கொள்கை என்று பதினைந்து ஆண்டுகளாக முடிவெடுத்தவர்கள் ஐரோப்பிய ஆட்சியாளர்கள். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மக்கள்.

தெற்குவாசல்:
பிரிட்டனை உதாரணமாக எடுத்ததால் கேட்கிறேன். 2021-ல் பிரிட்டன் பயன்படுத்திய எரிவாயுவில் ரஷ்யாவிலிருந்து வந்தது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பாதிக்கு நெருக்கமான பங்கு அவர்களுடைய சொந்த வடகடலில் எடுத்தது, பெரும்பாலான மீதம் நார்வேயிலிருந்து வந்தது. அப்படியிருந்தும் அங்கே கட்டணம் ஜெர்மனியைப் போலவே ஏறியதே! இறக்குமதியைக் குறைத்தால் விலை குறையும் என்று நம்பும் பொதுமக்களுக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேறு என்ன இருக்கிறது? சொந்த மண்ணில் எடுத்த எரிவாயுவையும் குழாயின் மறுமுனையில் கிடைக்கும் விலைக்குத்தான் நிறுவனங்கள் விற்கின்றன. மின்சாரச் சந்தையிலும் இதே கதைதான். கடைசியாக ஓட்டப்படும் எரிவாயு நிலையத்தின் செலவே அந்த மணிநேரத்தில் காற்றாலைக்கும் அணுமின் நிலையத்துக்கும் சேர்த்து விலையை நிர்ணயிக்கிறது.

வடகாற்று:
தெற்குவாசல் என் வாதத்தைத்தான் சொல்கிறார், ஆனால் எதிர்ப்பவரைப் போல எழுதுகிறார். ரஷ்ய எரிவாயுவை அதிகம் வாங்காத பிரிட்டனில், போருக்கு முன்பே, பிப்ரவரி 3 அன்று 54 விழுக்காடு உயர்வு. மீண்டும் எழுதுகிறேன், இதுவரை எவரும் விடை சொல்லவில்லை.

அலைமேடு:
ஏற்றுமதி செய்யும் நாடுகளைப் பாருங்கள், உண்மை அங்கேதான் வெளிப்படும். 2022 ஜூன் 8 அன்று டெக்சாஸில் ஃபிரீபோர்ட் திரவ எரிவாயு ஏற்றுமதி முனையம் தீவிபத்தில் நின்றது. அமெரிக்க ஏற்றுமதித் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதனிடம் இருந்தது. அது பல மாதங்களுக்கு மீளாது என்று தெரிந்தவுடன் ஐரோப்பாவில் விலை ஏறியது, அமெரிக்காவின் ஹென்றி ஹப் சந்தையில் விலை சரிந்தது. வெளியே போக வழியில்லாத எரிவாயு உள்ளே மலிந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் எரிவாயுவை ஐரோப்பியர்களோடு போட்டியிட்டு வாங்க வேண்டிய நிலையில் வைக்கப்பட்டிருந்தன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் 2015 வாக்கில் கிளாட்ஸ்டனிலிருந்து கப்பல்கள் புறப்படத் தொடங்கிய பிறகு உள்நாட்டு விலை பன்மடங்கானது. அதே நாட்டின் மேற்கு மாநிலத்தில் மட்டும் 15 விழுக்காட்டை உள்நாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி 2006 முதல் இருந்ததால் அங்கே அந்த அதிர்ச்சி ஏற்படவில்லை. மக்கள் ஏற்றுமதியைச் சந்தேகிப்பது அறியாமை அல்ல.

நீலச்சுடர்:
ஆஸ்திரேலியாவுக்கும் பிப்ரவரி 24-க்கும் என்ன தொடர்பு? தலைப்பை மாற்றாதீர்கள். வடகாற்றுக்கு மூன்று முறை விடை சொல்லியாயிற்று. ரஷ்யா 2021-லேயே அளவைக் குறைத்தது, அதனால் விலை ஏறியது, அந்த விலைதான் பிரிட்டன் கட்டணத்தில் பிப்ரவரியில் தெரிந்தது. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிவாயு இறக்குமதியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் ஒரே நாட்டிலிருந்து வந்தது. அந்த நாடு கையை இறுக்கினால் வாங்காத அண்டை நாட்டுக்கும் வலிக்கும். இது புரிய பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

வடகாற்று:
நீண்டகால ஒப்பந்தங்களில் எழுதியிருந்த அளவை காஸ்ப்ரோம் 2021-ல் கொடுத்தது என்பதை அதன் பெரிய வாடிக்கையாளர்களே அப்போது சொன்னார்கள். ஒப்பந்தத்துக்கு மேல் கூடுதலாக விற்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அந்தக் கூடுதலை நம்பிக் கிடங்கை வெறுமையாக வைத்திருந்தது யாருடைய தவறு? கிடங்கை நவம்பர் 1-க்குள் 80 விழுக்காடு நிரப்ப வேண்டும் என்ற விதியை ஒன்றியம் இயற்றியது 2022 கோடையில்தான். ஒரே விற்பவரிடம் கிடங்கையும் குழாயையும் ஒப்படைத்துவிட்டு, அவர் கூடுதலாக விற்கவில்லை என்று புலம்பியதை நீங்கள் போர் என்கிறீர்கள். நான் அதைக் கொள்கைத் தோல்வி என்கிறேன். மக்கள் இதை நன்றாகவே உணர்ந்தார்கள். 2022 செப்டம்பர் 3 அன்று செக் நாட்டின் பிராகா நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் காவல்துறையின் மதிப்பீட்டின்படியே ஏறத்தாழ 70,000 பேர் திரண்டு, எரிசக்தி விலையைக் கட்டுப்படுத்தாத தங்கள் அரசையே எதிர்த்து முழங்கினார்கள்.

நீலச்சுடர்:
அந்தக் கூட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று ரஷ்யா உள்ளிட்ட விற்பனையாளர்களோடு நேரடி எரிவாயு ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்பது. அதைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறீர்கள். நான் முதல் வரியில் எழுதிய வக்காலத்து என்ற சொல் உங்களுக்கு ஏன் இவ்வளவு சுட்டது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

கணக்காயர்:
மொத்த விலையா, வீட்டுக் கட்டணமா என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

தெற்குவாசல்:
இந்த இழையில் எல்லோரும் ஐரோப்பியக் குடும்பங்களின் கட்டணத்தைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். 2022 ஜூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் திரவ எரிவாயுவுக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்டபோது ஒரு விற்பனையாளர்கூட முன்வரவில்லை. அதே மாதம் வங்காளதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தியது. இரு நாடுகளிலும் மின்வெட்டு. ஐரோப்பிய அரசுகள் தங்கள் மக்களின் கட்டணத்துக்கு மானியம் கொடுத்து, எந்த விலைக்கும் வாங்கிக் கிடங்குகளை நிரப்பின. பிரிட்டனில் அக்டோபர் முதல் ஆஃப்ஜெம் வரம்பு 3,549 பவுண்டு என்று ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது அரசு தலையிட்டு 2,500-ல் நிறுத்தியது, மிச்சத்தைக் கருவூலம் ஏற்றது. அந்தக் கருவூலம் இல்லாத நாடுகள் இருளில் இருந்தன. போர் முன்பா பின்பா என்பது அவர்களுக்கு ஒரு கேள்வியே அல்ல.

அலைமேடு:
தெற்குவாசல் சொல்வது உண்மை என்றாலும், ஐரோப்பாவுக்குச் சொந்தமாக இருந்ததை அவர்களே மூடியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் கிரோனிங்கன் எரிவாயு வயலில் இன்னும் ஏராளமான எரிவாயு தரைக்குள் இருக்கிறது. 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

வடகாற்று:
கிரோனிங்கனைப் பற்றி எழுதுகிறவர்கள் எரிவாயு எடுத்ததால் 2012-ல் அங்கே ஹாய்சிங்க பகுதியில் 3.6 அளவில் நிலம் அதிர்ந்ததையும், அதன் பின்னர் சுவர்கள் பிளந்த ஆயிரக்கணக்கான வீடுகளையும் முதலில் நினைவில் வைக்க வேண்டும். அந்த மக்களின் கருத்தும் பொதுமக்கள் கருத்துத்தான். பிறர் வீட்டுச் சுவர் பிளந்தாலும் பரவாயில்லை, எனக்குக் கட்டணம் குறைய வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அலைமேடு:
அப்படி நான் எங்கே எழுதினேன்? எழுதாததை எழுதியதாகச் சொல்வது உங்கள் பழக்கமாகிவிட்டது. வயலின் ஒரு பகுதியை அவசரக் கையிருப்பாகவாவது வைத்திருக்கலாம் என்பதே என் கருத்து. 2024 ஏப்ரலில் அதையும் சட்டம் போட்டு அடைத்துவிட்டார்கள்.

நீலச்சுடர்:
கிரோனிங்கன் விஷயத்தில் நான் வடகாற்றின் பக்கம் நிற்கிறேன், ஆனால் அதை வைத்து அவர் தப்பிக்க முடியாது. 88 யூரோவாக இருந்த விலை, படையெடுப்புக்குப் பின் இரண்டே வாரங்களில் 200-ஐத் தாண்டியது. முதலில் இதற்கு விடை சொல்லுங்கள்.

வடகாற்று:
அந்த 88 எங்கிருந்து வந்தது? ஓர் ஆண்டுக்கு முன்பு 20 ஆக இருந்தது எப்படி 88 ஆயிற்று என்பதைத்தான் முதல் பதிவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருபதிலிருந்து எண்பத்தெட்டு வரை போனதை விட்டுவிட்டு, எண்பத்தெட்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார் நீலச்சுடர். பிப்ரவரி 3-ஆம் தேதி அறிவிப்பு ஆஃப்ஜெம் தளத்தில் இன்னும் இருக்கிறது, எவரும் எடுத்துப் படிக்கலாம். அதில் உலக எரிவாயு விலை உயர்வுதான் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்த பதிவில் 2021-ன் மாதவாரி விலைகளை எழுதுகிறேன்.

நீலச்சுடர்:
எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே ரேடன் கிடங்கின் இருப்பையும் நான் எழுதுகிறேன்.