10 இஞ்சி சப்வூபர்: கடைப் பெட்டியில ஒரே சுருதியில அடிக்குது, பெட்டிய மாத்தணுமா?

கல்லடி_ஆல்டோ:
ஆல்டோ காருக்குப் பின்னால 10 இஞ்சி சப் (பாஸ் ஸ்பீக்கர்), 250 வாற்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து குடுக்கிற பவர்) மொனோ அம்ப் (ஒரு சனல் அம்ப்ளிஃபயர்). பெட்டி கடையில ரெடிமேடா வாங்கின போட் பெட்டி, அதாவது காத்துக் குழாய் வச்சது. சப், குழாய் எல்லாம் கழிச்சு உள்ளளவு 30 லீற்றர். குழாய் உள்விட்டம் 7.5 சென்ரிமீற்றர், நீளம் 10. சப்போட வந்த தாள்ல எஃப்.எஸ். (சப் தானா அதிர்ற ஹேர்ட்ஸ்) 32, க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்கும் எண்ட மொத்த அளவு) 0.45, க்யூ.ஈ.எஸ். (அதில மின்சாரப் பக்கத்து அளவு) 0.49, வாஸ் (சப்பின்ட தொங்கலுக்குச் சமமான காத்தளவு) 35 லீற்றர். தவில், பறை, சினிமாப் பாட்டு எது போட்டாலும் ‘தும் தும்’ எண்டு ஒரே சத்தம். அடி பாஸ் இல்ல. என்ன செய்யலாம்?

கல்முனை_ஒலி:
தம்பி, சப்புல பிழை இல்ல. குழாய் கட்டை. வட்டக் குழாய்க்குக் கணக்கு இதுதான்:

நீளம் = 23562.5 × விட்டத்தின் வர்க்கம் ÷ (டியூனிங் வர்க்கம் × லீற்றர்) − 0.732 × விட்டம்

விட்டம், நீளம் ரெண்டும் சென்ரிமீற்றர்ல. டியூனிங் எண்டா பெட்டியும் குழாயும் சேர்ந்து அதிர்ற ஹேர்ட்ஸ். உங்கட அளவுகளப் போட்டா டியூனிங் 53 ஹேர்ட்ஸ் வருது. அந்த இடத்தில மட்டும் பெட்டி கத்தும், அதுக்குக் கீழ சட்டெண்டு விழுந்திடும். போன்ல டோன் ஜெனரேட்டர் போட்டு, சத்தத்தக் குறைச்சு, 60ல இருந்து மெல்ல 30 வரை இறக்குங்க. டியூனிங் வாற இடத்தில கோன் (சப்பின்ட முன்கூம்பு) கிட்டத்தட்ட அசையாம நிக்கும். குழாய் வாயில கைய வச்சா காத்து தள்ளும். அதுக்குக் கீழ போனா கோன் கண்டபடி ஆடும், அங்க சத்தத்தக் கூட்ட வேணாம்.

38 ஹேர்ட்ஸுக்கு இறக்க 25 சென்ரிமீற்றர் குழாய் வேணும். கூடின குழாய் முக்கால் லீற்றர் இடம் பிடிக்கும், அதால டியூனிங் ஒரு ஹேர்ட்ஸ் கூட மாறாது. குழாயின்ட உள்வாய்க்கும் எதிர்ப் பலகைக்கும் இடையில குறைஞ்சது 7.5 விடணும். ஆழம் காணாட்டி பிவிசி எல்போ போட்டுத் திருப்புங்க. நீளத்த வளைவின்ட நடுக்கோட்டால அளக்கணும். ரெண்டு வாயையும் அரத்தால உருட்டி விடுங்க, இல்லாட்டி சத்தம் ஏத்தின உடன ‘புஸ்’ எண்டு ஊதும். 10 சென்ரிமீற்றர் குழாய் ஊதாது, ஆனா அதே டியூனிங்குக்கு 47 நீளம் வேணும். இந்தப் பெட்டிக்குள்ள அடங்காது.

அக்கரைப்பற்று_வயரிங்:
கல்முனை நானா சொன்ன கணக்கு சரி. ஆனா தவிலும் பறையும் கேக்கிற ஆளுக்கு நான் சீல்ட்தான் (குழாய் இல்லாம முழுக்க மூடின பெட்டி) சொல்லுவன். எஃப்.எஸ்.ஸ க்யூ.ஈ.எஸ்.ஸால பிரிச்சா 65. 50க்குக் கீழ சீல்ட், 100க்கு மேல போட், இது ரெண்டுக்கும் நடுவில. 30 லீற்றர் சீல்ட்ல க்யூ.டி.சி. (பெட்டிக்குள்ள போட்ட பிறகு வாற க்யூ.டி.எஸ்.) 0.66 வருது, நல்ல இறுக்கமான அடி. ஆல்டோ மாதிரிச் சின்னக் காருக்குள்ள அடி பாஸ் தானாக் கூடும், அதால சீல்ட்ல இழக்கிறது கொஞ்சம்தான். முதல்ல குழாய்க்குள்ள பழைய துவாய ஒண்ட இறுக்கிச் சுருட்டி அடைச்சுக் கேட்டுப் பாருங்க. பிடிச்சா மட்டும் ஓடாவிக்கிட்டச் சொல்லி 18 மில்லிமீற்றர் பலகையில மூடி வெட்டுங்க.

மட்டக்களப்பு கல்லடியில ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எம்.டி.எஃப். (மரநார் அமத்தின) பலகையின்ட வெட்டு விளிம்பு ஈரம் குடிச்சு ஊதும், பிறகு ஸ்குரூ பிடிக்காது. வெட்டின இடமெல்லாம் மரப் பசையில சரிபாதி தண்ணி கலந்து பூசி, காஞ்ச பிறகு வார்னிஷ் அடிங்க. புதுசாச் செய்யிறதெண்டா மரைன் ப்ளைவுட். மூலைகளுக்கு சிலிக்கன் பூசினா சப்ப ஒரு நாள் கழிச்சு மாட்டுங்க. புளிச்ச வாசம் வாற சிலிக்கன்ட ஆவி செம்புக் கம்பியக் கறுக்க வைக்கும்.

கல்லடி_ஆல்டோ:
துவாய அடைச்சுக் கேட்டன், தவில் தனியாத் தெரியுது. சீல்ட்தான். அம்ப்ல என்ன வைக்க?

கல்முனை_ஒலி:
நல்லம். லோ பாஸ் (அதுக்குக் கீழ உள்ள சத்தத்த மட்டும் விடுறது) 80 ஹேர்ட்ஸ், பாஸ் பூஸ்ட் (பாஸ ஏத்திற திருகி) பூச்சியம். அந்த பூஸ்ட் கூடுதலா 45 ஹேர்ட்ஸிலதான் இருக்கும், ஏத்தினா பழைய ‘தும்’ திரும்பி வரும். சப்சோனிக் (மிகத் தாழ்ந்த சத்தத்த வெட்டுறது) சீல்ட்டுக்குத் தேவையில்ல. 38க்கு இறக்கின போட் எண்டா 32ல வச்சே ஆகணும். மூடி போட்ட பிறகு, பாஸ் போகக்குள்ள ஊதுபத்திய மூட்டுகளுக்குக் கிட்டப் பிடிங்க. புகை துடிக்கிற இடத்தில காத்து போகுது, அதை அடையுங்க. கடைசியா டிரைவர் சீட்ல இருந்து 80 ஹேர்ட்ஸ் டோன் கேளுங்க. சப் வயர் ரெண்டையும் மாத்திக் குடுத்து மறுகா கேளுங்க. எதில சத்தம் கூடவோ அப்பிடியே விடுங்க.