தோற்றத்தைத் தாண்டி டிசைன் என்றால் என்ன? ஒரு பொருளை வைத்துச் சொல்லுங்கள்

வரைபலகை:
டிசைன் என்றாலே நிறம், வளைவு, ஃபினிஷிங் என்றுதான் பேச்சு போகிறது. ‘அது மட்டுமில்லை’ என்கிறார்கள். மீதி என்ன என்று கேட்டால் பொத்தாம்பொதுவாக முடித்துவிடுகிறார்கள். அழகு என்று யாருமே சொல்லாத, ஆனால் நன்றாக டிசைன் செய்த ஒரு பொருளை எடுத்து, எந்த முடிவு எதற்காக என்று அளவுகளோடு சொல்ல முடியுமா? ஆப், வெப்சைட் உதாரணம் வேண்டாம்.

கிணற்றடி:
தெருமுனை அடிபம்பு, அதாவது இந்தியா மார்க் 2. 1970களில் யுனிசெஃப் ஆதரவோடு உருவானது. அதற்கு முன் ஊர்களில் நட்டவை, ஒரு வீட்டுக்குச் சில வாளி என்ற கணக்கில் வார்த்த மேல்நாட்டுப் பம்புகளின் நகல்கள். ஊரே வரிசையில் நின்று அடித்தால் கைப்பிடி முளை தேய்ந்து, ஆடி, உடைந்துபோகும்.

மார்க் 2-இல் கைப்பிடி, 6204 என்ற அளவுள்ள இரண்டு பால் பேரிங்கில் உட்காரும். கீழே சிலிண்டருக்குள் தண்ணீரைத் தூக்கும் பிஸ்டனோடு இணைந்த கம்பி நேரடியாகக் கைப்பிடியில் மாட்டாமல், வளைந்த தகட்டின் மேல் படியும் செயினில் தொங்கும். கை வில்போல வளைந்து போனாலும் கம்பி செங்குத்தாகவே ஏறி இறங்கும், பக்கவாட்டு இழுப்பு இல்லை.

சிலிண்டர் விட்டம் 63.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) 125 மி.மீ. கைப்பிடியை ஒருமுறை அடித்தால் ஏறக்குறைய 400 மி.லி.; 15 லிட்டர் குடத்துக்குச் சுமார் 40 முறை அடிக்க வேண்டும். நீர்மட்டம் 30 மீட்டரில் என்றால் பிஸ்டன் மேல் தண்ணீர் 95 கிலோ, 12 மி.மீ. கம்பி 27 கிலோ. நெம்பும் விகிதம் 8க்கு 1, ஆகவே கைக்கு வருவது சுமார் 15 கிலோ. கைப்பிடி குழாயாக இல்லாமல் கெட்டி இரும்பாக இருப்பது அதிலும் கொஞ்சம் குறைக்கத்தான். பார்ப்பவர் கண்ணுக்கு முரட்டு வேலை!

நட்டுபோல்ட்டு:
இது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இதைப் போய் ஏன் டிசைன் என்கிறீர்கள்? அப்புறம், மார்க் 2-ஐ ரொம்பப் புகழவும் வேண்டாம். அடிக்கடி தேய்வது வாசர், அதாவது பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையம். அது இருக்கும் இடமோ பூமிக்கடியில், சிலிண்டருக்குள். தண்ணீர் மேலே வரும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் 32 மி.மீ.தான், பிஸ்டன் அதன் வழியாக வராது. ஒரு வாசருக்காக 3 மீட்டர் பைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எல்லாவற்றையும் தூக்க வேண்டும். முக்காலி, கிளாம்ப், நாலு ஆள், வண்டி. வண்டி வரும்வரை பம்பு சும்மா நிற்கும்.

கிணற்றடி:
சரியான குறை. அதைத் தீர்க்கத்தான் 1980களில் கோவை வட்டாரக் களச்சோதனையில் மார்க் 3 வந்தது. பைப்பை 65 மி.மீ. ஆக்கினார்கள். கம்பியை இழுத்தால் பிஸ்டனும் கூடவே வெளியே வரும். தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் அடிவால்வையும் பிஸ்டன் முனையில் திருகி எடுத்துவிடலாம், பைப் அசையாது. தோல் வாசருக்குப் பதில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். ஆனால் பைப் கனமும் விலையும் கூடின, 30 மீட்டருக்குக் கீழே இறக்குவது சிரமம்.

வாசர் எதில் செய்வது என்பது இன்ஜினியரிங் கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அதை ஊர்க்காரரே ரெண்டு ஸ்பேனரோடு மாற்ற வேண்டும் என்று முதலில் முடிவுகட்டி, அதற்காகப் பைப் விலையைக் கூட்டச் சம்மதித்தது டிசைன்.

மேடைக்கல்:
பம்போடு நிறுத்திவிட்டீர்கள். சிமெண்ட் மேடையும் அதே டிசைன்தான். பம்பின் அடித்தூண் போர் கேசிங்கை (ஆழ்துளைக்குள் இறக்கிய காப்புக் குழாயை) மூடி உட்கார்ந்து, மூன்று காலும் கான்கிரீட்டில் புதைய வேண்டும். ஈரம் காயாமல் 7 நாள் விட வேண்டும். மக்கள் காத்திருக்க மாட்டார்கள், கைப்பிடியைக் கழற்றி வைப்பதே நல்லது. அவசரப்பட்டு அடித்தால் கால் ஆடி மேடை விரிசல் விடும், சிந்திய அழுக்குத் தண்ணீர் கேசிங் ஓரமாகவே போருக்குள் இறங்கும். வடிகால் சரிவில்லாமல் போனாலும் இதே கதிதான்.

வரைபலகை:
செயின் இழுக்கத்தானே செய்யும், தள்ளாதே? தண்ணீர் 10 மீட்டரிலேயே இருந்தால்?

நட்டுபோல்ட்டு:
மாட்டிக்கொள்ளும். 10 மீட்டர் கம்பி 9 கிலோதான்; பிஸ்டனை இறக்க அந்த எடை போதாது, செயின் தொய்ந்து கைப்பிடி ‘தட் தட்’ என்று அடிக்கும். அங்கே தாரா மாதிரி பம்பு போடுங்கள். நெம்புகோலே கிடையாது, கைப்பிடியைப் பிடித்து நேராக ஏற்றி இறக்க வேண்டும், 15 மீட்டர் வரை தாங்கும். கம்பிக்குப் பதில் இரண்டு முனையும் அடைத்த பி.வி.சி. குழாய். தண்ணீரில் மிதப்பதால் தூக்கும்போது கனக்காது, கீழே அழுத்தும்போதும் தண்ணீர் கொட்டும்.