சுண்டெலி விந்தகத்தில் இரண்டு வகை மேக்ரோஃபேஜ்களைப் பிரிப்பது எப்படி?

வணக்கம். சுண்டெலிகளில் விந்தகத்தின் தன்னெதிர்ப்பு அழற்சியை ஆராய்கிறேன். விந்தகத் திசுக் கலவையை, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஃப்ராய்ண்ட் துணைப்பொருளோடு ஊசி போட்டு உண்டாக்கும் மாதிரிதான். சிடி4 டி செல்கள் (எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் வெள்ளையணுக்கள்) தெளிவாகத் தெரிகின்றன, சிக்கல் மேக்ரோஃபேஜ்களில் (கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கும் எதிர்ப்புச் செல்கள்). விந்தகத்தில் முன்பே வாழ்பவை அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 புரதத்தைச் சுரந்து, வளரும் விந்துச் செல்களை எதிர்ப்பாற்றலிடமிருந்து காக்கின்றன. அழற்சியில் இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் (மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய வெள்ளையணுக்கள்) நுழைந்து, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தைச் சுரக்க, அதே விந்துச் செல்கள் மடிகின்றன. காப்பவையும் கெடுப்பவையும் எஃப்4/80 என்னும் மேற்பரப்புக் குறியைத் தாங்குவதால், ஒளிரும் குறிகளைக் கொண்டு செல்களை ஒவ்வொன்றாக வகைப்படுத்தும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் கலந்துவிடுகின்றன. இதைப் பிரிக்காமல் எந்த முடிவும் சொல்ல எனக்கு மனமில்லை. சரி, மோனோசைட்டைக் காட்டும் லை6சி குறியைச் சேர்த்துப் பார்த்தேன். ஆனால் மோனோசைட் முதிர்ந்ததும் அது குறைந்துவிடுகிறது. சிசிஆர்2, சிடி64, எம்எச்சி-2 ஆகிய மூன்று குறிகளையும் சேர்த்துப் பிரித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், செல்களைப் பிரித்தெடுக்கத் திசுவைக் கொலாஜினேஸ் நொதியில் எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்?