27ஏ மின்கலம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: எங்கள் வாயிற்கதவின் ரிமோட்டுக்கு 27ஏ என்னும் 12 வோல்ட் பேட்டரி தேவைப்படுகிறது. பக்கத்துக் கடைகளில் கேட்டால், "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லி 23ஏ-வையே நீட்டுகிறார்கள். அதுவோ உள்ளே நுழையவே மறுக்கிறது. சற்று அழுத்திப் பொருத்தலாமா?

மறுமொழி 1: வேண்டாம், ஐயா. இரண்டும் 12 வோல்ட்தான், நீளமும் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர்தான். ஆனால் 23ஏ-வின் விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர், 27ஏ-வின் விட்டம் 8 மில்லிமீட்டர். அழுத்தினால் தகட்டு முனைகள் வளைந்து, ரிமோட்டே பயனற்றுப் போகலாம். ஒவ்வொன்றின் உறைக்குள்ளும் 1.5 வோல்ட் தரும் எட்டுச் சிறிய பொத்தான் மின்கலங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால்தான் இவ்வளவு சிறிய உருளை 12 வோல்ட் தருகிறது. 23ஏ-வின் உறையைக் கிழித்து அவற்றை எடுத்து அடுக்கும் வேலையும் வீண், ஏனெனில் விட்டம் அப்போதும் பொருந்தாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஆபத்தும்கூட.

மறுமொழி 2: மளிகைக் கடையையும் மின்சாதனக் கடையையும் விட்டுவிட்டு, கார் சாவி ரிமோட் பழுதுபார்ப்பவரிடமோ கைக்கடிகாரக் கடையிலோ கேளுங்கள். அரிதாக விற்பனையாகும் சரக்கு என்பதால், அட்டையில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்தே வாங்குங்கள். எல்828, எம்என்27 என்ற பெயர்களிலும் இதே பேட்டரி விற்கப்படுகிறது. கடைக்காரர் இல்லையென்று சொல்வதற்குப் பெரும்பாலும் இந்தப் பெயர்க் குழப்பமே காரணம்.

கேட்டவர்: நன்றி. பழைய பேட்டரியையே கையில் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.