மானைக் குறிபார்க்க எந்தத் திசைகாட்டி: கண்ணாடி மூடியா, பட்டகமா?

கல்லாறு (காலை 7.40)
கோயம்புத்தூர்ப் பக்கம் வனவிலங்குக் கணக்கெடுப்பில் தன்னார்வலராக இரண்டு ஆண்டுகள் நேர்கோட்டு நடைக்குப் போயிருக்கிறேன். விடியற்காலையில் 2 கிலோமீட்டர் நேர்கோட்டில் வாய் திறக்காமல் நடக்க வேண்டும். புள்ளிமான் கண்ணில் பட்டால் நின்று, தூரமானியில் தூரம், திசைகாட்டியில் கோணம், கூட்டத்தில் எத்தனை என்று குறித்துக்கொண்டு நகர வேண்டும். இதுவரை கையில் இருந்தது இரவல் கருவி. சூண்டோ கேபி-14, சின்ன அலுமினியப் பெட்டி. ஒரு கண்ணை அதன் துளையில் வைத்து, மறு கண்ணால் மானைப் பார்த்தால் மானின் மேலேயே எண் மிதப்பது போலத் தெரியும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனிச் சொந்தமாக ஒன்று வேண்டும். மலையேற்றத்துக்கும் உதவ வேண்டும். கண்ணாடி மூடி வைத்த சில்வா ரேஞ்சர், சூண்டோ எம்சி-2 வகையா, இராணுவப் பச்சையில் லென்ஸ் வைத்து வருகிறதே, அதுவா? அக்கா ஸ்டாக்ஹோமில் இருக்கிறார், பொங்கலுக்கு வரும்போது வாங்கி வருவதாகச் சொல்கிறார்.

சங்கிலி (காலை 9.05)
தம்பி, முப்பது ஆண்டு நில அளவையில் இருந்தவன் சொல்கிறேன். கண்ணாடி முகம் மழிக்கத்தான். கோணம் எடுக்க பிரிஸ்மாட்டிக் காம்பஸ். எதிரே குறிபார்க்கக் கட்டிய குதிரைமுடி, கண்ணருகே பட்டகம், அதாவது பிரிஸம். முடி மானின் மேல் விழும் அதே கணத்தில் கீழே எண்ணையும் படிக்கிறாய். அரைப் பாகைக்கு ஒரு கோடு. பாலிடெக்னிக்கில் படித்த எவரையும் கேட்டுப்பார்.

இன்னொன்று, அந்தப் பச்சை நிறத்துச் சரக்கை 'பிரிஸ்மாட்டிக்' என்று போட்டே இணையத்தில் விற்கிறார்கள். அதில் பட்டகமே கிடையாது, வெறும் உருப்பெருக்கி லென்ஸ். நிஜமான இராணுவ மாதிரியில்கூட பாகைக் கோடுகள் ஐந்துக்கு ஒன்றுதான்.

மலைநாடன் (காலை 10.22)
ஐயா சொல்லும் பிரிஸ்மாட்டிக், முக்காலியோடு பிறந்த பித்தளைக் கருவி. கையில் பிடித்தால் எண் தட்டு ஆடி அடங்குவதற்குள் மான் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும். வரைபடத்தில் கோணம் போட பாகைமானி வேறு தனியாக வேண்டும். கண்ணாடி வகையில் அடித்தட்டே பாகைமானி. மூடியைச் சுமார் 45 பாகை திறந்து, கண் மட்டத்தில் கை நீட்டிப் பிடித்து, மூடியின் மேல் வெட்டில் இலக்கை வை. கண்ணாடியின் நடுக்கோடு அச்சுப் புள்ளியைத் தொட வேண்டும். ஊசி சிவப்பு அம்புக்குள் அடங்கும்வரை வளையத்தைத் திருப்பு. முடிந்தது. முதல் நாள் வளையத்தை எதிர்ப்பக்கம் திருப்புவாய், கண்ணாடியல்லவா. அடுத்த நாள் பழகிவிடும்.

கோடு 2 பாகைக்கு ஒன்று, கண்ணளவில் 1 பாகை படிக்கலாம். 1 பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டரில் பதினேழரை மீட்டர் விலகல். 1:50,000 வரைபடத்தில் அது அரை மில்லிமீட்டர்கூட இல்லை, பென்சில் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். இதற்கு அரைப் பாகைக் கருவி எதற்கு? கூடுதல் நன்மையையும் சொல்லிவிடுகிறேன். காதுமடலில் ஏறிய அட்டையை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தக் கண்ணாடிதான்.

சங்கிலி (காலை 11.48)
அவர் வழி கண்டுபிடிக்கிற கணக்கைச் சொல்கிறார். தம்பி கேட்டது மான் கணக்கு. நடைக்கோட்டிலிருந்து மான் எவ்வளவு செங்குத்துத் தூரத்தில் நிற்கிறது என்பதுதான் அங்கே வேண்டும். தூரத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். மான் 60 மீட்டரில், கோட்டுக்கு 8 பாகையில் நின்றால் 8.4 மீட்டர். நீ 6 என்று படித்தால் 6.3. இரண்டு பாகையில் கால்வாசி போய்விட்டது! பதிவில் மான் கோட்டுக்கு அருகில் வர வர, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை மான் என்ற அடர்த்தி கூடிக் காட்டும். இல்லாத மானை நீ காகிதத்தில் பெருக்குகிறாய்.

போகட்டும், வெயில் பட்டு உன் கண்ணாடி மின்னினால் மான் நிற்குமா?

மலைநாடன் (பிற்பகல் 12.30)
விடியற்காலையில் மரநிழலில் என்ன மின்னல், ஐயா? உள்ளங்கையால் மறைத்தால் போதும்.

சைன் கணக்கு சரிதான். ஆனால் வேண்டுமென்றே கோட்டை ஒட்டி நிற்கும் மானாகப் பார்த்து எடுத்துக்கொண்டீர்கள். அதே பிழையை 30 மீட்டரில் 60 பாகைக்குப் போட்டுப் பாருங்கள், அரை மீட்டர்தான் மாறும். கூடவும் குறையவும் சமமாக வரும் பிழை பல நூறு பதிவுகளில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதது, எண்ணை 5, 10, 15 என்று உருட்டி எழுதுகிற பழக்கம். கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் 0 என்றே எழுதிவிடுகிறார்கள். அரைப் பாகைக் கருவியை வைத்துக்கொண்டே அப்படி எழுதியவர்களோடு நடந்திருக்கிறேன்.

கல்லாறு (பிற்பகல் 12.51)
ஒப்புக்கொள்கிறேன், நானே எழுதியிருக்கிறேன். பின்னால் வனக்காவலர் நேரமாகிறது என்று கையசைக்கும்போது 13 பாகை எளிதாக 15 ஆகிவிடும்.

நேர்வழி (பிற்பகல் 1.10)
கையில் போன் இருக்கும்போது இவ்வளவு விவாதமா? ஜிபிஎஸ் எல்லாம் சொல்லும்.

சங்கிலி (பிற்பகல் 1.14)
நீ எங்கே நிற்கிறாய் என்று ஜிபிஎஸ் சொல்லும். மான் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லாது. போனுக்குள் இருக்கிற காந்த உணரிக்கு எட்டு எட்டாகக் கையைச் சுழற்ற வேண்டும், காட்டில் அந்த ஆட்டத்தைப் பார்க்க மான் காத்திருக்காது.

வல்லைவெளி (மாலை 4.35)
வணக்கம். கிளாஸ்கோவிலிருந்து எழுதுகிறேன், ஊர் பருத்தித்துறைப் பக்கம். நீங்கள் எல்லோரும் பாகையைப் பிடித்துக்கொண்டு ஊசியை விட்டுவிட்டீர்கள். தம்பி ஸ்டாக்ஹோமில் வாங்குவதாகச் சொன்னதைக் கவனித்தீர்களா?

இங்கே காந்தப்புலம் கிட்டத்தட்ட 70 பாகை சாய்வில் நிலத்துக்குள் இறங்குகிறது. ஊசியின் வடமுனை தாழாமல் இருக்கத் தென்பக்கத்தை எடையேற்றிச் சமன் செய்துதான் விற்கிறார்கள். அதே ஊசி, புலம் சாயாமல் கிடையாக ஓடும் காந்த நடுக்கோட்டுக்கு அருகே வந்தால் கீழே இழுக்க ஆள் இல்லை, எடை மட்டும் மிச்சம். தென்முனை தாழ்ந்து கிண்ணத்தின் அடியில் உரசும். 1963இல் முதல் ராக்கெட் ஏவிய, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த நடுக்கோடு பக்கத்தில் ஓடியதே காரணம். கோயம்புத்தூர் அங்கிருந்து எவ்வளவு தூரம்?

இங்கே வாங்கிய கண்ணாடி வகையோடு இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன். மூடுபனி. ஊசி நேராக நிற்பது போலவே இருந்தது, விரலால் தட்டியதும் எட்டுப் பாகை நகர்ந்து நின்றது. மறுபடி தட்டினேன், வேறு இடம்.

மலைநாடன் (மாலை 5.20)
கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஊசி விடுபட்டுவிடும், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன். உத்தராகண்டில் எனக்கு இந்தத் தொந்தரவே வந்ததில்லை.

வல்லைவெளி (மாலை 5.41)
உத்தராகண்டில் சாய்வு நாற்பது பாகையைத் தாண்டும், அதனால் அங்கே ஓடியிருக்கும். சாய்த்துப் பிடிப்பது மார்பு உயரத்தில் சரி, ஊசியை மேலிருந்து பார்க்கிறீர்கள். கண் மட்டத்துக்கு உயர்த்திக் கண்ணாடியில் பார்க்கும்போது உரசுகிறதா என்று தெரியாது. குறிபார்க்கும் கருவியில்தான் இந்தக் குறை மறைந்திருக்கும், அண்ணா. சூண்டோவில் 'ஜி' என்று குறித்த உலகப் பொது ஊசி கிடைக்கிறது, சாய்த்தாலும் உரசாமல் சுழலும். 'என்.எச்.' வடகோளத்துக்கானது. எம்சி-2 இரண்டு விதமாகவும் வரும், கேபி-14இலும் ஜி உண்டு.

சங்கிலி (மாலை 6.02)
பழைய அளவைத் திசைகாட்டி ஊசியில் நகர்த்தக்கூடிய குட்டி எடை ஒன்று இருக்கும், ஊருக்கு ஊர் தள்ளிவைத்துக்கொள்வோம். இதைத்தான் இப்போது புதிதாகக் கண்டுபிடித்து விற்கிறார்கள். ஆனாலும் யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது சரி, எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

மாங்கனி (இரவு 8.15)
சேலத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் கஞ்சமலை முழுக்க மேக்னடைட், காந்த இரும்புத் தாது. முகட்டில் ஒரு பாறையில் நின்று கீழே ஒரு கோபுரத்துக்குக் கோணம் எடுத்தேன். கோபுரத்தடிக்குப் போய்த் திரும்பி அதே பாறைக்கு எடுத்தேன். 180 வித்தியாசம் வர வேண்டும், 169 வந்தது. அன்று கையில் இருந்தது ஐயா புகழும் அதே அரைப் பாகைக் கருவி.

வல்லைவெளி (இரவு 8.40)
ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவின் குய்லின் மலையிலும் இதே கதை. அந்தக் கருங்கற்களில் திசைகாட்டியை நம்பாதே என்றுதான் இங்கே முதலில் சொல்லிக் கொடுப்பார்கள்.

சங்கிலி (இரவு 8.58)
அதற்குத்தான் முன்நோக்கு, பின்நோக்கு இரண்டும் எடு என்பது. கருவி நல்லதாக இருந்ததால்தான் பதினொரு பாகை என்று சுத்தமாகத் தெரிந்தது. ஐந்து பாகைக் கோட்டில் என்ன தெரிந்திருக்கும்?

மலைநாடன் (இரவு 9.10)
இதில் மட்டும் ஐயாவோடு உடன்படுகிறேன். மற்றபடி கண்ணாடிதான்.

கல்லாறு (மறுநாள் இரவு 9.30)
அக்கா கடையிலிருந்து படம் அனுப்பினார். கண்ணாடி வகை, பெட்டியின் பின்பக்கம் ஓரத்தில் 'என்.எச்.' வைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டேன். ஜி ஊசியுள்ள எம்சி-2ஐ இங்கேயே வரவழைக்கிறேன், மலையேற்றத்துக்கு அது. கணக்கெடுப்புக்கு மறுபடி கேபி-14ஐ இரவல் கேட்கப் போகிறேன், அது என்ன ஊசி என்று பார்த்துவிட்டு. 13ஐ 13 என்றே எழுதுவேன்.

சங்கிலி (இரவு 9.52)
இரவல் கிடைக்காவிட்டால் வடவள்ளிக்கு வா. என் பிரிஸ்மாட்டிக் பரணில் சும்மா கிடக்கிறது. குதிரைமுடி அறுந்திருக்கிறது, புதிதாக ஒன்று கட்டிக்கொள்.