தைப்பூச நாளில எங்கட வீட்டு வட்ஸ்அப் குழு

காலை 7.52
சித்தி (கிளிநொச்சி): விடியப் புதிர் (புது நெல்லு) எடுத்து, படைச்சிட்டு வெளிக்கிட்டாச்சு. ஹயஸ் வான் பிடிச்சனாங்கள். அம்மாவும் (என்ர அம்மம்மா) வாறா. முதல் இரணைமடு, பிறகு முறிகண்டி, மாங்குளத்தால திரும்பி ஒட்டுசுட்டான், வற்றாப்பளை, கடைசியா முல்லைத்தீவுக் கடற்கரை. திரும்பேக்க புதுக்குடியிருப்பு, பரந்தன் பக்கத்தால வருவம்.

அம்மா: அம்மாவுக்கு முன் சீற் குடுத்தியளோ? அவவுக்குக் கால் மடக்கி இருக்கேலாது.

சித்தி: முன் சீற்தான் அக்கா. குளிசையும் சுடுதண்ணிப் போத்தலும் என்ர கைப்பையுக்க இருக்கு.

காலை 8.31
சித்தி: [5 படங்கள்] இரணைமடுக் கட்டில.

நான்: சித்தி, அஞ்சு படத்திலயும் உங்கட முகங்கள்தான் நிக்குது. நல்ல வடிவு. ஆனா குளத்தையும் எடுத்துப் போடுங்கோ. மாமா எழும்பினதும் முதல் கேக்கப்போறது தண்ணி எவ்வளவு எண்டுதான்.

சித்தப்பா: [படம்] இந்தா குளம். 36 அடிக்கு ஒரு சாண்தான் குறைவு எண்டு இஞ்ச நிக்கிற ஆக்கள் சொல்லீனம். வான்கதவு பூட்டித்தான் இருக்கு. கட்டுக்கு இஞ்சால வயல் எல்லாம் பழுத்துப்போய் நிக்குது, சில இடத்தில வெட்டு மெசின் இறங்கீட்டுது.

தம்பி (வவுனியா): சித்தப்பா, அனுப்ப முதல் மேல எச்டி எண்டு ஒரு பட்டன் இருக்கு, அதைத் தட்டிப்போட்டு அனுப்புங்கோ. இல்லாட்டி வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிப்போடும்.

சித்தப்பா: சரி மோன், அடுத்ததில இருந்து தட்டுறன்.

காலை 9.40
சித்தி: [3 படங்கள்] முறிகண்டிப் பிள்ளையார். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைச்சாச்சு. சின்னவன் கச்சான் பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிக்கிறான், ஒருத்தருக்கும் குடுக்கிறான் இல்லை.

அம்மா: மூண்டாவது படத்தில அவனுக்குப் பக்கத்தில நிக்கிற பொடியன் ஆர்?

சித்தி: வான் ஓட்டுற தம்பியின்ர மகன். இண்டைக்குப் பள்ளிக்கூட லீவுதானே, தாய் வயலுக்குப் போட்டாவாம். நான்தான் ஏத்திக்கொண்டு வாங்கோ எண்டனான்.

நான்: அதையும் படத்துக்குக் கீழ எழுதிவிடுங்கோ சித்தி. பிறகு ஒரு காலத்தில இந்தப் பொடியன் ஆரெண்டு எல்லாரும் யோசிச்சுக்கொண்டிருப்பம்.

மதியம் 12.18
மாமா (பாரிஸ்): இப்பதான் எழும்பினனான். குளத்தைப் பாத்தாச்சு, வயிறு நிறைஞ்சுது. 1902இல வேலை தொடங்கின கட்டு அது. ஆர் அந்தப் பக்கம் போனாலும் கனகராயன் ஆறு வந்து விழுற பக்கத்தையும் ஒரு படம் எடுங்கோ. எல்லாரும் கட்டில நிண்டு ஒரே பக்கந்தான் பாக்கிறியள்.

சித்தி: அண்ணா, நாங்கள் அங்கால ஒட்டுசுட்டானும் தாண்டியாச்சு. தான்தோன்றீஸ்வரரிட்டச் சரியான சனம், இண்டைக்குப் பூசமெல்லே. உள்ளுக்குப் படம் எடுக்கேல்லை.

மாமா: எடுக்காதது நல்லம்.

மதியம் 1.36
சித்தி: [6 படங்கள்] வற்றாப்பளை. ரெண்டாவது படத்தைப் பாருங்கோ. அம்மாவைக் கதிரையில இருத்தினால் இருக்கிறா இல்லை. மணலுக்குள்ளதான் இருப்பன் எண்டு இருந்திட்டா. செருப்பைக் கழட்டி, காலால மணலைக் கிளறி விட்டுக்கொண்டு, நந்திக்கடல் பக்கமாப் பாத்தபடி இருக்கிறா. நான் எடுத்தது அவவுக்குத் தெரியாது.

மாமா: இதைவிட நல்ல படம் அம்மாவை ஒருத்தரும் எடுக்கேல்லை.

மச்சாள் (பாரிஸ்): அப்பாச்சி வடிவு. இந்தக் கோயிலிலயா கடல் தண்ணியில விளக்கு எரியிறது?

அம்மா: ஓம் பிள்ளை. அது வைகாசிப் பொங்கலுக்கு. முல்லைத்தீவுக் கடலில போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வருவினம். அதை முள்ளியவளையில காட்டா விநாயகர் கோயிலில வைச்சு விளக்கேத்திப்போட்டுத்தான் பிறகு வற்றாப்பளை அம்மனிட்டப் பொங்கல். நாங்கள் சின்னனில வண்டில் கட்டிக்கொண்டு போறனாங்கள்.

பின்னேரம் 3.50
சித்தப்பா: [வீடியோ] முல்லைத்தீவில கரைவலை இழுக்கினம். சின்னவனும் வால் கயிறில தொங்கிக்கொண்டு இழுக்கிறான். மடி கரைக்கு வர முழுக்கச் சூடை, இடைக்கிடை ரெண்டு மூண்டு பாரை. வெள்ளி கொட்டினது மாதிரி துடிச்சுது. சூடை வாங்கியிருக்கிறம்.

அம்மா: பிள்ளையளை அலைக்குள்ள இறங்க விடாதேங்கோ. அந்தக் கடல் இழுவை கூடின கடல்.

சித்தப்பா: இல்லை மச்சாள், முழங்காலுக்கு மேல விடேல்லை.

பின்னேரம் 5.22
சித்தி: வட்டுவாகல் பாலத்தால வந்திட்டம். ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் கடல். முள்ளிவாய்க்கால் தாண்டும் மட்டும் வானுக்க ஒருத்தரும் போன் எடுக்கேல்லை. அம்மா கை கூப்பினபடி வந்தவ. பிள்ளையளும் தாங்களாவே கத்தாமல் இருந்திட்டுதுகள்.

மாமா: அங்க படம் தேவையில்லை. கவனமா வாங்கோ.

இரவு 7.44
பெரியம்மா (கனடா): எல்லாப் படத்தையும் இருந்து பாத்தன். வேலைக்குப் போக முதல் பழைய அல்பத்தை இழுத்து எடுத்தனான். அப்பா 1990இல கடிதத்தோட வைச்சு அனுப்பின ஒரு படம் இருக்கு. பொறுங்கோ, போடுறன்.

பெரியம்மா: [படம்] பின்னால அப்பாவின்ர கையெழுத்தில “வற்றாப்பளைப் பொங்கல், 1984” எண்டு இருக்கு. நீல மை. ஆக்களின்ர பேர் எழுதேல்லை. எனக்கு அம்மாவையும் என்னையும் மட்டுந்தான் மட்டுக்கட்ட ஏலுது. மற்ற ஆக்களை அம்மாவிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ.

மாமா: ஐயோ அக்கா, இது இருக்கிறதே எனக்குத் தெரியாது. வீட்டில இருந்த ரெண்டு அல்பத்தையும் ஷொப்பிங் பையில சுத்திப் பங்கருக்க வைச்சு மூடிப்போட்டு வந்ததெண்டுதானே சொன்னவை. 2009க்குப் பிறகு போய்க் கிண்டினா ஒண்டும் இல்லையாம்.

பெரியம்மா: இஞ்ச தபாலில வந்த படியாத் தப்பினது. அப்பா அனுப்பேக்க நான் அவ்வளவு பெரிசா நினைக்கேல்லை. அவர் தெரிஞ்சுதான் அனுப்பினாரோ தெரியாது.

தம்பி: பெரியம்மா, அந்தப் படம் ஒட்டு அல்பத்திலயா இருக்கு? இழுத்து எடுக்காதேங்கோ, மேல் பூச்சு உரிஞ்சுபோடும். மேல இருக்கிற பொலித்தீனை மட்டும் தூக்கிப்போட்டு, யன்னலோரம் பகல் வெளிச்சத்தில, பிளாஷ் இல்லாமல், நேர மேல நிண்டு எடுங்கோ. இப்ப போட்டதில நடுவில லைற் அடிச்சு ஒரு முகம் வெளிறிப்போச்சு.

இரவு 8.10
சித்தி: வீட்ட வந்து சேந்தாச்சு. அம்மாவுக்குக் கண்ணாடி குடுத்து என்ர போனில பெருப்பிச்சுக் காட்டினனான். அவவே சொல்லட்டும்.

சித்தி: [குரல் பதிவு]

நான்: மாமாவும் மச்சாளும் வேலையில நிண்டு குரல் பதிவு கேக்கேலாது எண்டபடியா, அம்மம்மா சொன்னதைக் கேட்டபடியே எழுதிப் போடுறன்:

“பிள்ளை, இது பொங்கலுக்கு அடுத்தநாள் விடிய எடுத்தது. இரவிரவா முழிச்ச முகம் எல்லாருக்கும், பார். பச்சைச் சேலை நான். என்ர தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது மூத்தவள். வண்டிலுக்க இருந்து ரெண்டு கால் நீட்டிக்கொண்டு தெரியுதெல்லே, அது நடுவிலாள், நல்ல நித்திரை. அப்பா நிழலுக்க நிக்கிறார், அரைவாசிதான் விழுந்திருக்கு. வண்டிலின்ர முன்பக்கத்தில குந்திக்கொண்டிருக்கிறது அவரின்ர தம்பியார், உங்கட சின்னையா. அந்த வருசந்தான் புது வண்டில் செய்விச்சவர், அதால படம் எடுக்கேக்கயும் இறங்கமாட்டன் எண்டு அதிலயே இருந்தவர். தோளில கிடக்கிற சால்வை நான் வாங்கிக் குடுத்தது. பானை பிடிச்சுக்கொண்டு நிக்கிற குமர்ப்பிள்ளை எங்கட சொந்தமில்லை. தண்ணீரூற்று ஊருக்க தாயும் மகளும் நடந்து வந்துதுகள், ஏத்திக்கொண்டு வந்தனாங்கள். ரெண்டு நாளும் எங்களோடதான் சமைச்சுச் சாப்பிட்டதுகள். பேர் வாயில நிக்குது, வருகுதில்லை. வந்தாச் சொல்லுறன்.”

அம்மா: என்ர காலா அது! நான் இருக்கிற ஒரே ஒரு சின்ன வயசுப் படம் இதுதான்.

மச்சாள்: சின்னையா எனக்கு என்ன முறை?

மாமா: அப்பப்பாவின்ர தம்பி. உனக்கும் அப்பப்பாதான். என்னைத் தோளில வைச்சுக் கொண்டு திரிஞ்ச மனிசன். 2009 சித்திரையில மாத்தளனில விட்டிட்டம்.

இரவு 8.47
மாங்குளச் சித்தி (சின்னையாவின்ர மகள்): அக்கா, இப்பதான் பாத்தனான். அது அப்பாதான். எங்களிட்ட அப்பாவின்ர படம் ஒண்டுமே இல்லை. அடையாள அட்டையும் அவரோடயே போட்டுது. ஒவ்வொரு ஆட்டத் திவசத்துக்கும் படம் இல்லாமல் விளக்கு மட்டுந்தான் வைக்கிறனாங்கள். என்ர பிள்ளையளுக்கு அவரின்ர மூக்கு எப்பிடி, நெத்தி எப்பிடியெண்டு நான் வாயாலதான் சொல்லியிருக்கிறன். மகனைக் கூப்பிட்டுக் காட்டினனான். அவனுக்கு அதே நெத்தி. எனக்கு இதைப் பெருசா எடுக்கவேணும். எப்பிடியெண்டு ஆரும் சொல்லுங்கோ.

பெரியம்மா: அழாத தங்கச்சி. நான் வேலைக்குப் போகேல்லை இண்டைக்கு. லீவு சொல்லிப்போட்டன். யன்னலோரம் வைச்சுத் திரும்ப எடுக்கிறன்.

தம்பி: பெரியம்மா, எடுத்ததைப் படமா அனுப்பாமல் டொக்கியுமென்ட்டா அனுப்புங்கோ. அப்பதான் உங்கட போனில இருக்கிற மாதிரியே முழுசா வரும். 6க்கு 4 அங்குலப் படம் வடிவா வாறதுக்கு 1800க்கு 1200 பிக்சல் வேணும். சின்னையாவின்ர முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பிக்கிறதெண்டால் அதைவிடக் கனக்க வேணும். அவர் இருக்கிற பக்கத்தைக் கிட்டப்போய்த் தனிய ஒருக்கா எடுங்கோ. நான் வெட்டித் துப்பரவாக்கி மாங்குளச் சித்திக்கு அனுப்பி விடுறன். முகத்தை மாத்திற அப் ஒண்டும் பாவிக்கமாட்டன். இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

மாங்குளச் சித்தி: ஓம் ராசா, கொஞ்சம் மங்கலா இருந்தாலும் காரியமில்லை. அவராவே இருக்கவேணும்.

நான்: எல்லாருக்கும் ஒண்டு சொல்லவேணும். இந்தக் குழுவில ஆரோ “மறையும் செய்திகள்” போட்டு வைச்சிருக்கிறியள், 90 நாள். போன் நிரம்புது எண்டு போட்டிருப்பியள், விளங்குது. ஆனா இண்டைக்குச் சித்தி போட்ட படம், அம்மம்மா மணலில இருக்கிறது, எல்லாம் சித்திரை கழியக் குழுவில இருந்து போடும். நான் இப்ப அதை நிப்பாட்டிறன்.

தம்பி: நிப்பாட்டினாலும் ஏற்கெனவே போட்டது அழியும் அக்கா. புதுசாப் போடுறதுதான் நிக்கும். அதால சித்தி இண்டையான் படங்களைத் திரும்ப ஒருக்கா அனுப்பவேணும்.

நான்: சித்தி, களைப்பாறிப்போட்டு அனுப்புங்கோ. அனுப்பேக்க ஒவ்வொண்டுக்கும் கீழ இடம், திகதி, ஆக்களின்ர முழுப்பேர். வான் ஓட்டின அண்ணையின்ர பேரும் மகனின்ர பேரும் சேத்து. அந்தத் தண்ணீரூற்றுப் பிள்ளையின்ர பேரை அப்பவே ஒராள் பின்பக்கம் எழுதியிருந்தால் இண்டைக்குத் தேடிப் பிடிச்சு அந்தக் குடும்பத்துக்கும் ஒரு கொப்பி குடுத்திருக்கலாம். அவையின்ர அல்பமும் எங்கட மாதிரித்தான் போயிருக்கும்.

மாமா: சரியாச் சொன்னாய் பிள்ளை. படம் ஒரே இடத்தில இருக்கக் கூடாது. கிளிநொச்சியில ஒண்டு, வவுனியாவில ஒண்டு, இஞ்ச ஒண்டு, கனடாவில ஒண்டு. கடதாசியில. பிறின்ற் பண்ணிற காசு நான் அனுப்புறன்.

சித்தி: காசு வேண்டாம் அண்ணா. இஞ்ச ரவுணில ஸ்ரூடியோவில செய்விக்கிறன். நீங்கள் அங்க ஒண்டு எடுத்து வீட்டில மாட்டுங்கோ.

அம்மா: பிள்ளையளின்ர படத்தைப் பேஸ்புக்கில ஒருத்தரும் போடாதேங்கோ. முக்கியமாக் கடலில குளிச்ச படங்கள். இது வீட்டுக்குள்ள இருக்கட்டும்.

தம்பி: அதோட இன்னொண்டு. டொக்கியுமென்ட்டா அனுப்பினா எடுத்த இடமும் நேரமும் படத்தோடயே போகும். குழுவுக்குள்ள அது நல்லம், பிறகு தேட உதவும். வெளி ஆக்களுக்குச் சாதாரணப் படமா மட்டும் அனுப்புங்கோ.

இரவு 9.35
பெரியம்மா: [டொக்கியுமென்ட்] [டொக்கியுமென்ட்] தம்பி, இது காணுமோ பார்.

தம்பி: நல்ல வடிவா வந்திருக்கு பெரியம்மா. சால்வையின்ர கரை கூடத் தெரியுது.

மாங்குளச் சித்தி: கரை சிவப்பு. அம்மா சொல்லுறவ, சிவப்புக் கரைச் சால்வை எண்டு.

பெரியம்மா: அல்பத்தில இன்னும் கொஞ்சப் படம் இருக்கு, ஒண்டிலயும் பேர் இல்லை. மடு ஆவணித் திருவிழாவில கொட்டில் போட்டுத் தங்கினது ஒண்டு, அதில கனபேர் நிக்கினம். அம்மா உசாரா இருக்கிற நேரம் எது? வீடியோ கோலில ஒவ்வொண்டாக் காட்டிக் கேக்கவேணும்.

சித்தி: விடிய ஆறு மணி. தேத்தண்ணி குடிச்சிட்டு விறாந்தையில இருப்பா, அப்பதான் நல்லா ஞாபகமும் வரும். உங்களுக்கு அது முதல்நாள் இரவு ஏழரை அக்கா.

பெரியம்மா: அப்ப இண்டைக்கு இரவே எடுக்கிறன். பேனையும் கொப்பியும் கிட்ட வைச்சிரு.

மாங்குளச் சித்தி: நானும் வாறன் அந்தக் கோலுக்கு. என்னையும் சேத்து எடுங்கோ அக்கா.